பெட்டியில் அடைத்த காற்று

1

நண்பர் ஒருவர் வீட்டில் சங்கீதம் கேட்பதற்கென்று நல்ல கருவிகளாக வாங்க நினைத்து, எந்த ஸ்பீக்கர், எந்த சப்வூஃபர், எந்த ரிசீவர் என்று என்னிடம் யோசனை கேட்டார். அவரோடு ஒரு கடைக்கும் போனேன். கடைக்காரர் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். விலை கூடியதே நன்றாக இருந்தது. நண்பர் தலையசைத்துவிட்டார். விலை கூடியதைப் போடும்போதெல்லாம் கடைக்காரரின் கை ஒலியளவுக் குமிழை ஒரு நூல் அதிகமாகத் திருப்பியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒலியைச் சற்று உரத்துக் கேட்டால் காது அதை உரத்தது என்று எடுத்துக்கொள்வதில்லை, மேலானது என்று எடுத்துக்கொள்கிறது. வியாபாரத்தில் உள்ளவர்களுக்கு இது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம்.

எதையும் வாங்காமல் திரும்பிவிட்டோம். ஆனால் பிறகு என்னை உறுத்திக்கொண்டிருந்தது கடைக்காரரின் கையைவிட நண்பரின் தலையசைப்புதான். ஒன்று மற்றதைவிட நன்றாக இருக்கிறது என்று நாம் சொல்லும்போது எதன் ஆதாரத்தில் சொல்கிறோம்? எதற்கு அது நெருங்கி இருக்கிறது என்று நினைக்கிறோம்? இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. பெரும்பாலும் அமெரிக்காவிலும், ஓரளவு இங்கிலாந்திலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த சரித்திரம். பொறியியல் நூல்களில் இதைக் கருவிகளின் வளர்ச்சியாக எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு இது ஒரு விமர்சனப் பிரச்னையின் சரித்திரமாகப் படுகிறது. மூலம் எது, பிரதி எது, இரண்டும் ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ளவன் யார் என்பதே அந்தப் பிரச்னை.

2

1915இலிருந்து 1925 வரை எடிசனின் கம்பெனி அமெரிக்க நகரங்களில் ஒரு காட்சி நடத்தி வந்தது. மேடையில் ஒரு பாடகி. பக்கத்தில் எடிசனின் இசைத்தட்டுக் கருவி. அவள் பாடுவாள், நிறுத்துவாள், கருவி தொடரும், மறுபடி அவள் சேர்ந்துகொள்வாள். நடுவில் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். பாட்டு தொடரும். விளக்கு எரியும்போது பாடகி மேடையில் இருக்கமாட்டாள். அவள் எப்போது போனாள் என்று சபையில் யாருக்கும் தெரியாது. மின்சாரப் பெருக்கம் எதுவுமில்லாத, குழல் வழியே ஒலி வந்த கருவி அது. இன்று அந்தத் தட்டுகளைக் கேட்பவர் யாரும் அதை மனிதக் குரலோடு குழப்பிக்கொள்ளமாட்டார்.

பின் எப்படி அன்றைய சபைகள் ஏமாந்தன? அந்தக் காட்சிகளில் பாடியவர்களில் ஒருவரான அன்னா கேஸ், பல்லாண்டுகள் கழித்து, தாம் கருவியின் குரலுக்கு ஏற்றபடி தம் குரலை அமைத்துக்கொண்டு பாடியதாகச் சொன்னார். பிரதி மூலத்தை எட்டவில்லை. மூலம் இறங்கிவந்து பிரதியைப் போலாயிற்று.

இது வெறும் மோசடி என்று ஒதுக்கிவிடத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒப்பீடு என்ற ஏற்பாட்டிலேயே இது அடங்கியிருக்கிறது. எதோடு ஒப்பிடப்படுகிறோமோ அதை நோக்கி நாம் சாய்ந்துவிடுகிறோம். மைக்குக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்ட பாடகர்கள் உலகெங்கும் பின்னால் வந்தார்கள். அன்னா கேஸ் அதை முதலில் உணர்ந்து சொன்னவர்களில் ஒருவர் என்பதே விசேஷம்.

3

இன்று நாம் ஸ்பீக்கர் என்று சொல்லும் பொருளின் உருவம் 1925இல் வகுக்கப்பட்டது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் அந்த வருஷம் வெளியிட்ட கட்டுரையில் உள்ள அமைப்புதான் இன்றைக்கும் அநேகமாக எல்லாப் பெட்டிகளிலும் இருக்கிறது. காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள், சுருளில் ஒட்டிய கூம்பு, கூம்பை விளிம்பில் தாங்கும் ஒரு நெகிழ்வான வளையம். சுருளில் மின்சாரம் மாறமாற அது முன்னும் பின்னும் அசைகிறது. கூம்பு காற்றைத் தள்ளுகிறது. நகரும் சுருள் என்ற யோசனை அதற்கு முன்பே ஆலிவர் லாட்ஜிடம் 1898இல் இருந்தது. ஆனால் அதைச் சீரான ஒலியாக்கும் கணக்கை முடித்துக் கொடுத்தவர்கள் இவர்கள்.

கருவி வந்துவிட்டது. அது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதில் தகராறு தொடங்கியது. 1945இல் ஹோவர்ட் சின், ஃபிலிப் ஐசன்பர்க் என்ற இருவர் வானொலி நேயர்களை வைத்துச் சோதனை செய்து ஒரு முடிவு வெளியிட்டார்கள். தாழ்ந்த ஸ்வரங்களும் உச்ச ஸ்வரங்களும் முழுசாக வரும் ஒலியைவிட, இரு முனைகளும் வெட்டப்பட்ட ஒலியையே ஜனங்கள் விரும்புகிறார்கள் என்பது அந்த முடிவு. வியாபாரிகளுக்கு இதைவிட இனிப்பான செய்தி இருக்க முடியாது. ஜனங்கள் குறைவையே கேட்கிறார்கள், நாம் ஏன் கூடுதலைக் கொடுத்துச் சிரமப்பட வேண்டும் என்ற வாதம் நமக்கும் பழக்கமானதே. பத்திரிகைக் கதைகளைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் இதே வாதத்தைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம்.

ஆர்.சி.ஏ.வின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ஹாரி ஓல்சன் 1947இல் இதற்குப் பதில் சொன்னார். வாதமாகச் சொல்லவில்லை, ஒரு திரையைக் கட்டினார். பார்வையை மறைத்து ஒலியை விடும் திரை. பின்னால் உயிருள்ள வாத்தியக்காரர்கள். இடையில், 5000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை வேண்டியபோது தடுக்கக்கூடிய தடுப்புகள். மின்சாரம், கருவி எதுவும் இல்லை. கேட்டவர்களில் பெரும்பாலோர் தடுப்பில்லாத முழு ஒலியையே விரும்பினார்கள். அப்படியானால் முந்தைய நேயர்கள் வேண்டாமென்றது எதை? முழுமையையல்ல, அந்தக் காலத்துக் கருவிகளில் முழுமையோடு கூடவே வந்த சிதைவை. முனைகளை வெட்டினால் சிதைவும் குறைந்தது. காது அதை ஏற்றுக்கொண்டது. மட்டமானதைத்தான் ஜனங்கள் விரும்புகிறார்கள் என்று யாராவது புள்ளிவிவரத்தோடு வரும்போதெல்லாம் எனக்கு ஓல்சனின் திரை நினைவுக்கு வருகிறது. அவர்களுக்கு முன்னால் வேறு எது வைக்கப்பட்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

4

தாழ்ந்த ஒலிதான் இந்தச் சரித்திரத்தின் மிகக் கடினமான பகுதி. 20 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 17 மீட்டர். அதை உண்டாக்க நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே அளவு ஒலிக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். போதாததற்கு நம் காதும் தாழ்ந்த ஒலிக்கு மந்தமானது என்பதை ஃப்ளெச்சரும் மன்சனும் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் 1933இலேயே அளந்து காட்டியிருந்தார்கள். ஆகவே, தாழ்ந்த ஒலி வேண்டுமென்றால் பெட்டி பெரிதாக வேண்டும். 1946இல் ஆர்க்கன்ஸாவின் ஹோப் என்ற சிற்றூரில் பால் க்ளிப்ஷ் தொழில் தொடங்கிச் செய்த க்ளிப்ஷ்ஹார்ன், அறையின் மூலையில் நிற்கும் ஒரு பீரோ. மடித்து வைத்த கொம்புக்குழல் அதன் உள்ளமைப்பு; அறையின் இரண்டு சுவர்களே குழலின் கடைசிப் பகுதி. சில வாட் சக்தியிலேயே வீடு நிறைந்துவிடும். ஆனால் வீடு அந்தப் பெட்டியால் நிறைந்துவிடும் என்பதும் உண்மை.

எட்கர் வில்ச்சூர் நியூயார்க்காரர். யுத்தத்தில் ரேடியோக் கருவிகளைப் பராமரித்தவர். பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவுக் கலை பற்றி வகுப்பெடுத்தவர். அவர் கவனித்த விஷயம் இது. கூம்பைத் தாங்கும் விளிம்பு ஒரு ஸ்பிரிங்கைப் போல வேலை செய்கிறது. கொஞ்சம் அசையும்போது ஒழுங்காக இருக்கும் ஸ்பிரிங், நிறைய அசையும்போது முரண்டு செய்கிறது. தாழ்ந்த ஒலியில் கேட்கும் சிதைவு இதனால் வருவது. அப்படியானால் அந்த ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டால் என்ன? கூம்பைத் தொளதொளவென்று விட்டு, சிறிய பெட்டிக்குள் காற்றுப்புகாமல் அடைத்தால், உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காகிவிடும். உலோகத்தையும் துணியையும்விடக் காற்று ஒழுங்கான ஸ்பிரிங். அதுவரை பெட்டிக்குள்ளிருந்த காற்றின் விறைப்பு, சிறிய பெட்டியின் தீராத வியாதி என்று கருதப்பட்டது. வில்ச்சூர் அந்த வியாதிக்கே வேலை கொடுத்தார்.

இருந்த நிறுவனங்கள் இதை ஏற்கவில்லை. தம் மாணவர் ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து 1954இல் மாஸசூஸெட்ஸின் கேம்ப்ரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஏஆர்-1 என்ற அவர்களுடைய முதல் பெட்டி சுமார் 25 அங்குல நீளம்தான். 12 அங்குல வூஃபர். பீரோக்களால் முடியாததை அது செய்தது. 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்கு வந்தபோது, வீடுகளில் ஒரு பெட்டிக்கு இரண்டு பெட்டி தேவையாயிற்று. இரண்டு பீரோக்களுக்கு எந்த வீட்டிலும் இடமில்லை. சிறிய பெட்டியின் வெற்றிக்கு ஸ்டீரியோவும் ஒரு காரணம்.

ஆனால் எதுவும் இலவசமில்லை. வில்ச்சூரின் பெட்டிகள் சக்தியை விழுங்குபவை. கம்பெனியில் இருந்த ஆன்டன் ஹாஃப்மன், பியானோ மேதை யோசெஃப் ஹாஃப்மனின் மகன், இதை ஒரு விதியாகவே சொல்லிவைத்தார். சிறிய பெட்டி, தாழ்ந்த ஒலி, குறைந்த சக்தியில் நிறைந்த சத்தம் இந்த மூன்றில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதை விட்டுவிட வேண்டும். 1957இல் க்ளாஸும் லோவும் ஹாஃப்மனும் பிரிந்துபோய்த் தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளில் கேஎல்எச் தொடங்கினார்கள். விதி அவர்களோடும் போயிற்று. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் எழுதி, 1971இல் அமெரிக்காவில் மறுபிரசுரமாகும்வரை கவனிக்கப்படாமல் கிடந்த கட்டுரையும், அதைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் எழுதியவையும், துளையுள்ள பெட்டிகளையும் மூடிய பெட்டிகளையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்தன. அதன் பின் பெட்டி செய்வது கைராசி விஷயமாக இல்லை. ஹாஃப்மனின் விதி மட்டும் அப்படியே நிற்கிறது. இன்றும் கைக்கடக்கமான பெட்டியைக் காட்டிப் பூகம்பம் வருமென்று ஒருவர் சொன்னால், மூன்றில் எதை விட்டார் என்று கேட்டுக்கொள்ளலாம்.

வில்ச்சூரிடம் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. ஸ்பீக்கர் ஒரு வாத்தியமல்ல என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். வயலினுக்குத் தனி நாதம் இருக்கலாம், இருக்க வேண்டும். ஸ்பீக்கருக்கு இருக்கக் கூடாது. இதை நிரூபிக்க அவரும் எடிசனின் மேடையையே நாடினார். ஏஆர்-3 பெட்டிகளையும் ஃபைன் ஆர்ட்ஸ் க்வார்ட்டெட் என்ற நால்வர் வாத்தியக் குழுவையும் மேடையேற்றினார்கள். நால்வரும் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். நடுவில் வில் தந்தியைத் தொடாமல் அசைந்துகொண்டிருக்கும், ஒலி பெட்டியிலிருந்து வரும். மாறிய கணத்தைச் சபையில் பெரும்பாலோரால் பிடிக்க முடியவில்லை. அரங்கின் எதிரொலி இருமுறை சேர்ந்துவிடாதபடி, எதிரொலியற்ற பதிவைப் பயன்படுத்தினார்கள். வாத்தியங்கள் கருவிக்காக எதையும் மாற்றிக்கொள்ளவில்லை என்பதுதான் எடிசனுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம். நியூயார்க்கின் க்ராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு கேட்கும் அறையையும் கம்பெனி நடத்தியது. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். அங்கே எதையும் விற்கமாட்டார்கள். குமிழைத் திருப்பும் கை இல்லாத ஒரு கடை.

5

ரிசீவர் இந்தக் கதைக்குள் பக்கவாட்டிலிருந்து வந்தது. 1950களின் தொடக்கம்வரை வீட்டில் நல்ல ஒலி வேண்டுமென்றால் ட்யூனர் ஒரு பெட்டி, ப்ரீஆம்ப்ளிஃபயர் ஒரு பெட்டி, ஆம்ப்ளிஃபயர் ஒரு பெட்டி என்று வாங்கி, கம்பி இழுத்து, அநேகமாகப் பற்றவைப்புக் கோலையும் கையில் எடுக்க வேண்டியிருந்தது. 1954இல் ஹார்மன் கார்டன் நிறுவனம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து ஃபெஸ்டிவல் டி1000 என்று வெளியிட்டது. ஒலிபற்றி ஒன்றும் தெரியாதவனும் நல்ல ஒலியை வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. ஜனநாயகம்தான். அதே சமயம் தெரியாதவனிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதும் ஆரம்பமாயிற்று.

ட்ரான்ஸிஸ்டர் வந்து வாட் மலிவானபோது விளம்பரங்களில் வாட் பெருகியது. ஒரு நொடிக்கும் குறைவான உச்சத்தை அளந்து, இரு பக்கத்தையும் கூட்டி, அதை இரட்டித்து, ஒரு கைப்பிடிப் பெட்டியில் நூற்றுக்கணக்கான வாட் எழுதினார்கள். 1974இல் அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம் தலையிட்டது. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைத்தான் எழுத வேண்டும். எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு சிதைவோடு, எத்தனை ஓமில் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்றது. ஓர் எண்ணை உண்மையாக எழுதச் சொல்ல அரசாங்கம் சட்டம் போட வேண்டியிருந்தது. பின்னால் பல சேனல் ரிசீவர்கள் வந்தபோது, ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி அளந்த எண்ணைப் பெரிதாகப் போடும் வழக்கம் தலைகாட்டியது.

வாட் எண்ணில் நாம் காணும் பெருமையைக் காது காண்பதில்லை. 100 வாட்டுக்கும் 120 வாட்டுக்கும் இடையே ஒரு டெசிபல்கூட இல்லை. சத்தம் இரு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட் தேவை. ஆனால் ஒரே சக்தியில் 84 டெசிபல் தரும் ஸ்பீக்கரை விட்டு 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரை எடுத்தால், வாட்டை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். எனவே ரிசீவரைக் கடைசியில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த ஸ்பீக்கர், எவ்வளவு பெரிய அறை என்று தெரிந்த பிறகு. கடைகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

6

சப்வூஃபரின் கதை எனக்குச் சங்கடமானது. 1974இல் வந்த எர்த்க்வேக் என்ற ஹாலிவுட் படத்துக்காக சென்ஸரவுண்ட் என்றொரு ஏற்பாடு செய்தார்கள். தியேட்டருக்குள் பிரம்மாண்டமான ஒலிப்பெட்டிகள். பூகம்பக் காட்சியில் நாற்காலி நடுங்கும். அந்தக் கர்ஜனை படச்சுருளில் பதிவானதல்ல. சுருளில் இருந்தது ஒரு சமிக்ஞை மட்டும். அது வந்ததும் தியேட்டரில் இருந்த கருவி தானே தாறுமாறான தாழ்ந்த இரைச்சலை உற்பத்தி செய்தது. எந்தப் பூகம்பத்தின் ஒலியும் அல்ல அது. மூலமே இல்லாத பிரதி.

எடிசனிடம் மூலம் பிரதிக்கு வளைந்தது. வில்ச்சூரிடம் பிரதி தன்னை மறைத்துக்கொள்ள முயன்றது. இங்கே மூலம் என்ற பேச்சே இல்லை. 1987இல் டாம்லின்சன் ஹோல்மன் 5.1 என்று பெயரிட்டதும், 1992இல் பேட்மேன் ரிட்டர்ன்ஸ் படத்தோடு டால்பி டிஜிட்டலாகத் தியேட்டருக்கு வந்ததும், 1996-97இல் டிவிடியோடு வீட்டுக்குள் நுழைந்ததும் இதன் தொடர்ச்சி. அந்தப் புள்ளி ஒன்று என்பது 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலிக்கென்றே ஒதுக்கிய தனிப் பாதை. வெடிகளுக்கும் அதிர்ச்சிகளுக்குமான பாதை.

இருந்தாலும் சப்வூஃபரை நான் நிராகரிக்கவில்லை. அதற்கு ஒரு நேர்மையான உபயோகம் உண்டு. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சொல்ல முடியாது. ஆகவே அந்தப் பகுதியை மட்டும் பிரித்து ஒரு தனிப்பெட்டியிடம் கொடுத்துவிட்டால், முன்னாலுள்ள சிறிய ஸ்பீக்கர்கள் தங்களால் ஆகாத பாரத்திலிருந்து விடுபடுகின்றன. ஹாஃப்மனின் விதிக்கு இது ஒரு சமரசம், வேலைப் பிரிவினை. அப்படி வைத்தால் சப்வூஃபர் இருப்பதே தெரியக் கூடாது. நிறுத்தினால்தான் ஏதோ போய்விட்டது என்று தெரிய வேண்டும். வந்தவர்களுக்குப் போட்டுக் காட்டி மகிழும் சப்வூஃபர் சென்ஸரவுண்டின் வாரிசு.

7

இனி நீதிபதியிடம் வரலாம். ஃப்ளாய்ட் டூல் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பல வருஷங்கள் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, ஒலியளவைச் சமமாக்கி, ஜனங்களைக் கேட்கவைத்தார். 1985-86இல் அவர் வெளியிட்ட முடிவு எதிர்பாராதது. பார்க்க முடியாதபோது, நல்ல செவிப்புலன் உள்ளவர்கள் ஒரே மாதிரியான தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள். எல்லா அதிர்வெண்களிலும் சமமாக, மேடுபள்ளமில்லாமல், பக்கவாட்டிலும் அதே குணத்தோடு ஒலிப்பதையே விரும்புகிறார்கள். பின்னால் ஹார்மன் நிறுவனத்துக்குப் போன அவர், ஷான் ஆலிவுடன் 1994இல் வெளியிட்ட சோதனையில் அதே ஆட்களுக்குத் திரையை நீக்கிக் காட்டினார். தீர்ப்புகள் மாறின. மறைவில் நல்ல மதிப்பெண் பெற்ற சின்னஞ்சிறு ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் கொண்ட தொகுதி, பார்வைக்கு வந்ததும் இறங்கிற்று. கேட்டவர்கள் அந்தத் தொழிலிலேயே இருந்தவர்கள்.

இதைப் படித்ததும் விமர்சனத்தோடு பழக்கமுள்ள யாருக்கும் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் நினைவுக்கு வருவார். கேம்ப்ரிட்ஜில் கவிதைகளைப் பெயரில்லாமல் மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதியதை 1929இல் புத்தகமாக்கினார். அங்கே நேர்ந்தது இதற்கு நேர்மாறு. பெயர் மறைந்ததும் தீர்ப்புகள் நான்கு திசையிலும் சிதறின. பெயரை எடுத்துவிட்டால் ஸ்பீக்கரில் ஒற்றுமை வருகிறது; கவிதையில் குழப்பம் வருகிறது. ஏன்?

நான் வந்து சேர்ந்த பதில் இது. ஸ்பீக்கர் கவிதையின் ஸ்தானத்தில் இல்லை. அது அச்சின் ஸ்தானத்தில் இருக்கிறது. எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்பதில் படிப்பவர்கள் ஒத்துப்போவார்கள். எழுதியிருப்பது கவிதையா என்பதில் ஒத்துப்போகமாட்டார்கள். நம் ரசனையைச் செலுத்த வேண்டிய இடம் சங்கீதம். ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பதில் ரசனைக்கு நாம் நினைக்கும் அளவு வேலையில்லை. என் நண்பர் அன்று கடையில் ரசனை என்று நினைத்துப் பயன்படுத்தியது விலைச்சீட்டையும் கண்ணையும்தான். இதில் எனக்கும் விதிவிலக்கு இல்லை. ஒரு கவிதைத் தொகுப்பைப் புரட்டும்போது முதலில் பெயரைப் பார்க்கும் கண் என்னுடையதும்தான்.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருப்பதை டூலே சொல்கிறார். பதிவு என்று நம் கைக்கு வருவது வேறொரு அறையில், வேறொரு ஸ்பீக்கரில் கேட்டு ஒருவர் சரிசெய்து கொடுத்தது. அந்த ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி குறைவாக இருந்திருந்தால் அவர் அதைக் கூட்டியிருப்பார். மூலத்தைத் தேடிப் போனால் இன்னொரு பெட்டியின் முன்னால்தான் போய் நிற்கிறோம். வில்ச்சூர் 1967இல் கம்பெனியை விற்றுவிட்டுக் காது மந்தமானவர்களுக்கான கருவிகளை ஆராயப் போனார். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கேட்கவில்லையோ அதற்கேற்ப ஒலியைத் தனித்தனியாக அமுக்கியும் பெருக்கியும் தரும் முறையைக் கண்டு, காப்புரிமை வாங்காமல் வெளியிட்டார். 2011இல் காலமானார். எல்லோருக்கும் ஒரே ஒலி என்று வாதாடியவர், கடைசியில் ஒவ்வொரு காதுக்கும் ஒரு ஒலி என்ற இடத்துக்கு வந்ததை முரண்பாடு என்று நான் நினைக்கவில்லை. முதலாவதை ஒழுங்காகச் செய்து முடித்தவனுக்குத்தான் இரண்டாவது கண்ணில் படும்.

நண்பருக்குச் சொன்ன யோசனையோடு முடிக்கிறேன். முதலில் அறையைப் பாருங்கள் என்றேன். 14 அடி நீளமுள்ள அறை ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸில் தானே முழங்கும். எந்தக் கம்பெனியின் பெட்டியாலும் அதைத் தடுக்க முடியாது. பிறகு ஸ்பீக்கர். இரண்டையும் ஒரே அளவில் வைத்து, முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு, உங்களுக்குத் தெரிந்த ஒரு மனிதக் குரலைக் கேளுங்கள். ரிசீவர் கடைசி. சப்வூஃபரை வைக்கும் இடத்துக்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்து கேட்கும் இடத்தில் அதை வைத்து, ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, தரையில் தவழ்ந்து சுவரோரமாகச் சுற்றிவாருங்கள். எங்கே தாழ்ந்த ஒலி முழங்காமலும் மறையாமலும் சமமாகக் கேட்கிறதோ, அங்கே அதைக் கொண்டுபோய் வையுங்கள்.

அவர் அப்படியே செய்தார். வீட்டில் சிரித்தார்களாம். அரைமணி நேரம் தவழ்ந்த பிறகு, ஜன்னலுக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவே, யாரும் பொருள் வைக்க நினைக்காத ஓர் இடத்தில் தொப்பி தெளிவாக விழுந்தது என்றார். மிருதங்கத்தின் இடது பக்கத்தைத் தாம் இத்தனை வருஷமாகக் கேட்கவே இல்லை என்றும் சொன்னார்.